‘சுகரைக் கொறச்சிட்டு வா’

உடல் என்கிற சொல் நம் பக்கங்களில் கொஞ்சநஞ்சமாகவா புழங்கியிருக்கிறது? உடல் அரசியல், உடல்மொழி, தண்டிக்கப்பட்ட உடல், தீண்டப்படாத உடல். ஃபூக்கோவைப் படித்தவர்கள் படித்ததைச் சொன்னார்கள். படிக்காதவர்கள் அவர் பேரைச் சொன்னார்கள். கவிதை எழுதுகிற நாங்களும் எங்கள் பங்குக்கு வரிக்கு இரண்டு உடலை வைத்து எழுதித் தள்ளினோம். எல்லாம் சரி. அந்த உடலில் ஓடுகிற ரத்தத்தில் இன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று எந்தக் கூட்டத்திலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டால் சிரிப்பார்கள். ‘தோழர், அது டாக்டர் சமாச்சாரம்’ என்பார்கள்.

டாக்டர் சமாச்சாரம் மட்டும் இல்லை என்பதுதான் என் கட்சி.

இதய அறுவைப் பிரிவுகளில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு. இதயத்துக்குப் போகிற குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்று முடிவாகிப்போன ஒருவரின் ரத்தச் சர்க்கரை எகிறிக் கிடப்பதைப் பார்த்துச் சொல்வது: “சுகரைக் கொறச்சிட்டு வா.” மூன்றே சொல். இந்த மூன்று சொல்லுக்குள் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது, ஒரு பொய்யும் இருக்கிறது. உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘இவன் ஊசியே வேணாங்கறான்’ என்று யாராவது திரித்துவிடுவார்கள்.

பைபாஸ் என்பது அடைத்துப்போன குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அல்ல. அடைப்பைத் தாண்டிப் புதுப்பாதை போடுவது. நெஞ்செலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்துத் திறக்கிறார்கள். நெஞ்சுக்கூட்டின் உட்பக்கம் ஓடும் தமனி ஒன்றையும், காலில் கணுக்காலிலிருந்து மேலே ஓடும் நரம்பில் ஒரு துண்டையும் எடுத்து அடைப்புக்கு அப்பால் தைக்கிறார்கள். பிறகு எலும்பைக் கம்பி போட்டுக் கட்டி மூடுகிறார்கள். ஆக, இதயத்தில் நடந்தது போக, ஆளுக்கு இரண்டு காயம். நெஞ்சில் ஒன்று, காலில் ஒன்று. நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், சிலருக்குப் பன்னிரண்டு வாரமும் ஆகும்.

இந்தக் காயம் ஆறுகிற வேலையில்தான் சர்க்கரை குறுக்கே வந்து நிற்கிறது. ரத்தத்தில் அது 200 மில்லிகிராமுக்கு மேலே நின்றுகொண்டிருந்தால் கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. புதுத்தசை கட்டுவது தள்ளிப்போகிறது. நெஞ்செலும்புக்கு அடியில் சீழ் பிடித்துவிட்டால் மறுபடியும் திறந்து கழுவ வேண்டும், உயிர் போவதும் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து அறுவை மருத்துவர்கள் 1999இல் தங்கள் கணக்கை வெளியிட்டார்கள். தோலுக்கடியில் அவ்வப்போது போடும் ஊசிக்குப் பதிலாக நரம்பு வழியே இன்சுலினைத் தொடர்ந்து சொட்டுச் சொட்டாக ஏற்றியதில், சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுக்குள் ஆழமாகச் சீழ் பிடிப்பது நூற்றுக்கு 2 என்றிருந்தது 1க்கும் கீழே போனது. அதற்கப்புறம்தான் இது ஊர் ஊராகப் பரவியது.

அதற்காகக் குறைக்கக் குறைக்க நல்லது என்றும் இல்லை. 2001இல் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு ஒன்றைப் பார்த்து, தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் சர்க்கரையை 110க்குக் கீழே இறுக்கிப்பிடிக்க உலகமே ஓடியது. 2009இல் 6,104 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு வந்தது. இறுக்கிப் பிடித்த பக்கத்தில்தான் சாவு அதிகம். இப்போது அறுவையின் போதும் அதற்கடுத்த நாட்களிலும் 180ஐத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதிகம் இறக்கவும் மாட்டார்கள். அறுவையின் அதிர்ச்சியிலேயே சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ஏறும். அதைச் சமாளிக்க அங்கே மருந்து இருக்கிறது, மணிக்கு மணி குத்திப் பார்க்கிற நர்ஸ் இருக்கிறார்.

இன்னொரு எண் ஹெச்பிஏ1சி. சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை அளந்து ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற சோதனை. பொதுவாக 7க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பார்கள். அவசரமில்லாத அறுவை என்றால் 8.5க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள் என்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். இந்த எண்ணும் கடவுள் வாக்கு இல்லை. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் இது கூடுதலாகக் காட்டும். ரத்தம் இழந்தவர்களுக்குக் குறைவாகக் காட்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15லிருந்து 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் தெருப் பெண்களிடம் இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

உண்மை இவ்வளவுதான். இனி பொய்.

எங்கள் வங்கிக் கிளையில் மேலாளராக இருந்த ஒருவருக்கும், நகராட்சி ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியான என் சித்தப்பாவுக்கும் சில மாத இடைவெளியில் பைபாஸ் நடந்தது. இரண்டு பேருக்கும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயதுதான். இரண்டு பேருக்கும் சர்க்கரை. வெறும் வயிற்றில் இரண்டு பேருக்குமே 280ஐத் தாண்டித்தான் இருந்தது. மேலாளரிடம் சொன்னது: “சார், சுகர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. ஒரு வாரம் முன்னாடியே வந்து அட்மிட் ஆயிடுங்க, நாங்க கொறைச்சுக்கறோம்.” சித்தப்பாவிடம் சொன்னது: “சுகரைக் கொறச்சிட்டு வா. மூணு மாசம் கழிச்சிப் பாக்கலாம்.”

‘வாங்க’வுக்கும் ‘வா’வுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நான் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே எனக்குப் பெரிசாகப் படுவது அந்த மரியாதை விகுதிகூட இல்லை. வினைச்சொல். ஒருவருக்கு ‘நாங்க கொறைச்சுக்கறோம்’. மற்றவருக்கு ‘நீ கொறச்சிட்டு வா’. அங்கே சர்க்கரையைக் குறைப்பது மருத்துவம். இங்கே அதுவே நோயாளியின் ஒழுக்கம். அங்கே ஆஸ்பத்திரியின் வேலை, இங்கே வீட்டுப்பாடம்.

சித்தப்பா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். “எங்கப்பா போயி கொறைக்கிறது? கடையில விக்கிதா?”

மருத்துவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்க வேண்டியவர்களிடம் கனிவை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். படுக்கை இல்லை என்பதும் நிஜம். தள்ளிப்போடுவது சரியாக இருக்கிற சமயங்களும் உண்டு. காலில் புண் இருக்கிறது, எங்கேயோ சீழ் இருக்கிறது, நெஞ்சு இப்போதைக்கு அடங்கியிருக்கிறது என்றால் காத்திருப்பதே புத்தி. ஆனால் வேறு வழியே இல்லாமல் தள்ளிப்போட்டதாகச் சொல்வதுதான் பொய். அன்றாடச் சர்க்கரையை வார்டில் வைத்து இன்சுலின் கொடுத்துச் சில நாளில் இறக்கிவிடலாம். மூன்று மாதச் சராசரி இறங்காது, ஆனால் அறுவையன்றைக்கு வேண்டிய சர்க்கரை கைக்குள் வரும். மேலாளருக்கு அதைத்தான் செய்தார்கள். இடது பக்கப் பிரதானக் குழாயிலேயே அடைப்பு, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி என்று வருகிறவர்களுக்கு எந்த ஊரிலும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வதில்லை. சொட்டு இன்சுலினை ஏற்றிக்கொண்டே அறுக்கிறார்கள். எண்ணைக் குறைப்பதற்காகவே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்பதற்கு வலுவான ஆதாரமும் இல்லை.

தள்ளிப்போடுவதில் ஆபத்து உண்டு என்பது மட்டும் தெரியும். சர்க்கரை நோயாளிக்குப் பல குழாய்களில் அடைப்பு என்றால் ஸ்டென்ட்டைவிட பைபாஸே நல்லது என்பதை 1,900 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012இல் காட்டியது. ஐந்து வருஷத்தில் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்தால் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7. பக்கவாதத்தை மட்டும் எடுத்தால் பைபாஸ் பக்கம் கொஞ்சம் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இவ்வளவு முக்கியமான அறுவையை ‘போய்ட்டு வா’ என்று திண்ணைக்கு அனுப்பிவைத்தால், அந்த மூன்று மாதமும் சிகிச்சையின் பகுதியா, இல்லை சிகிச்சைக்கு வெளியே விட்ட காலமா?

அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலின் இலவசமாகவே கொடுத்தார்கள். காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும். சித்தப்பாவுக்குக் காலை ஐந்தரைக்கு மஸ்டர். ஐந்து மணிக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். சாப்பாடு? தெருவெல்லாம் கூட்டி, சாக்கடை வாரி, வண்டி ஏற்றி முடிய பத்து மணி. நடுவில் ஒரு டீ. ஊசி பார்த்துக்கொண்டிருக்குமா? எட்டு மணிக்கே சர்க்கரை தரைதட்டியது. குப்பென்று வேர்வை, கைகால் நடுக்கம், நாக்குக் குழறல். சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “காலங்காத்தாலயே போட்டுக்கினு வந்துட்டியா?” அன்றைக்கு ஆப்சென்ட் போட்டார்கள். இரண்டாம் தடவையும் இதே கதை. மூன்றாம் தடவை நடக்கவில்லை, ஏனென்றால் சித்தப்பா காலை ஊசியை நிறுத்திவிட்டார். கூலியா ஊசியா என்று வந்தால் வேறென்ன செய்வார்?

அவருடைய சீட்டில் எழுதியிருந்தது: ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை.’

இந்த ஒரு வரியை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பதிவேட்டில் நம் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிற வரியும் இதே ஜாதிதான். ‘ஒழுங்காக வருவதில்லை.’ ஏன் வருவதில்லை என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. ‘சாக்கடை ஓரத்தில் சர்க்கரை இறங்கி விழுந்தார், குடிகாரன் என்றார்கள், கூலி போயிற்று, ஆகவே நிறுத்தினார்’ என்று எழுத மருத்துவமனைச் சீட்டிலும் இடம் கிடையாது.

அவரைக் காப்பாற்றியது ஒரு கேள்வி. சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் அம்மா ஒருவர் கேட்டார்: “எத்தன மணிக்கு வேலைக்குப் போறீங்க? எத்தன மணிக்குச் சாப்புடுறீங்க?” ஏழெட்டு வருஷச் சர்க்கரையில் அதை யாரும் கேட்டதில்லை. டாக்டரிடம் பேசி காலை ஊசியை ஐந்து மணியிலிருந்து பத்து மணிச் சாப்பாட்டுக்கு நகர்த்தி, அளவையும் மாற்றி, ராத்திரிக்கு வேறு வகை கொடுத்தார்கள். பையில் நாலு கல் வெல்லம் எப்போதும் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். 10.8 இருந்த ஹெச்பிஏ1சி 8.1க்கு வந்தது. எந்த ஒழுக்கமும் கூடிவிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்சுலினை வைப்பது இன்னொரு கூத்து. ஃபிரிட்ஜ் உள்ள வீடுகளுக்காக எழுதப்பட்ட காகிதம் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தில் எங்கே வைப்பது? பக்கத்து ஊர்த்தெருக் கடையின் ஃபிரிட்ஜில் வைக்கக் கேட்டு, முகத்தைச் சுளித்தவர்களைப் பார்த்துத் திரும்பி வந்த கதையும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மண்பானை, நடுவில் ஈரமணல், உள்ளே மருந்துக் குப்பி, மேலே ஈரத்துணி. இது போதும். உடைக்காத சாதாரண மனித இன்சுலின் 25 டிகிரி வரை ஆறு மாதமும் 37 டிகிரி வரை இரண்டு மாதமும் வீரியம் குறையாமல் தாங்கும் என்று 2023இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். திறந்த குப்பி ஏறக்குறைய நான்கு வாரம். ஐஸ் பெட்டியில் உறையவைத்தால்தான் கெட்டுப்போகும். இந்தத் தகவலைத் துண்டறிக்கையாக அச்சடிக்க நமக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

அடுத்து டயட் சார்ட். சித்தப்பாவுக்குக் கொடுத்த தாளை நான்தான் படித்துக் காட்டினேன். காலை: ஓட்ஸ், பாதாம் நாலு, கொழுப்பு நீக்கிய பால். பதினொரு மணி: ஒரு ஆப்பிள். மதியம்: காய்கறி சாலட். ராத்திரி: எண்ணெயில்லாச் சப்பாத்தி. மாமிசம் என்று போட்டுப் பக்கத்தில் பெருக்கல் குறி. கோழி, மீன் எல்லாம் ஒரே குறிக்குள் போய்விட்டது. மாட்டுக்கறி என்ற சொல்லே கிடையாது. யார் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று தெரியவில்லை. தெரிகிறது என்றும் சொல்லலாம்.

வெட்டிப் பிளந்த நெஞ்சு ஆறுவதற்குப் புரதம் வேண்டும். கொழுப்பில்லாத கறி, மீன், முட்டையின் வெள்ளை, பருப்பு எல்லாமே புரதம்தான். கறியை அடியோடு வெட்டிவிட்டு அந்த இடத்தில் வெள்ளைச்சோற்றை நிரப்பினால் சர்க்கரை குறையுமா, கூடுமா? நம் ஆட்களின் சர்க்கரைக்குப் பெரிய சேர்மானம் ரேஷன் அரிசிச் சோறும் டீயில் போடுகிற சீனியும்தான், கறி இல்லை. அதே சமயம் நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்கறி நம் அரசியல் என்று மேடையில் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதற்காக நெஞ்சுக்கொழுப்பும் குடலும் எண்ணெயில் மிதக்க, அடைப்புள்ள ஆளின் தட்டில் வைத்துவிட்டு ‘பண்பாடு’ என்று சொல்லக்கூடாது. ரத்தக்குழாய்க்குப் பண்பாடு தெரியாது. கொழுப்பை எடுத்துவிட்டு வேகவைத்த கறி, கேழ்வரகுக் களி, கருவாட்டை உப்புப்போக ஊறவைத்துக் கீரையோடு குழம்பு, இப்படி ஒரு தாளை நாம் எழுத முடியாதா? சாராயத்தையும் பீடியையும் பற்றிச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பைபாஸுக்கு முன்னால் பீடியை நிறுத்தாதவருக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சுக்குழாயை எடுக்க முடியாமல் போகும். அதற்கும் ஆதிக்கச் சாதிக்கும் சம்பந்தமில்லை.

ஊசி போட ஆரம்பித்தால் ‘கடைசிக் கட்டம்’ என்கிற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘நாப்பத்தெட்டு நாள்ல சர்க்கரைக்கு விடுதலை’ என்று பொடி விற்கிறான். பைபாஸுக்கு நாள் குறித்த ஆள் அந்தப் பொடியை நம்பி ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரிய வேண்டும்? இன்சுலினைக் கண்டுபிடித்த டொராண்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1923இல் அதன் உரிமையைத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்தார்கள், தலைக்கு ஒரு டாலர் பெயருக்கு வாங்கிக்கொண்டு. விற்பதற்காகக் கண்டுபிடித்த மருந்து அல்ல அது. அதை வாங்கிப் போட நாம் பயப்படுகிறோம், பொடிக்காரனிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன், தோடு எதற்காக வருகிறது என்று எனக்குத் தெரியும்.

மாத்திரைகளிலும் ஒரு எச்சரிக்கை. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுகிற புதுவகை மாத்திரைகள் இருக்கின்றன, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை. இதயத்துக்கு நல்லவைதான். ஆனால் அறுவைக்கு மூன்று நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி ஆளைக் கவிழ்த்துவிடும். நாமாக நிறுத்துவதில்லை. மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக் கொண்டுபோய் மயக்க மருந்து டாக்டரின் மேஜையில் கொட்டிக் கேட்க வேண்டும்.

சர்க்கரைக்காரருக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நரம்பு மரத்துப்போயிருக்கும். சித்தப்பாவுக்கு வந்தது மூச்சுவாங்கலும் வேர்வையும்தான். வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் கணக்குச் சொன்னார்கள். இது பணக்காரன் வியாதி என்கிற பழைய பேச்சு இன்னும் நம் கூட்டங்களில் ஓடுகிறது.

பணக்காரன் வியாதியாம். அம்பேத்கர் ஒரு சர்க்கரை நோயாளி. அரசியல் சட்ட வரைவு வேலை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே அவருக்குக் கால் நரம்பு வலி, தூக்கமில்லாத இரவுகள், இன்சுலின் ஊசி. 1948 ஏப்ரல் 15இல் அவர் மணந்துகொண்ட சாரதா கபீர், பின்னால் சவிதா அம்பேத்கர், ஒரு மருத்துவர். சாப்பாட்டையும் மருந்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். 1956 டிசம்பர் 6இல் 65 வயதில் பாபாசாகேப் இறந்த பிறகு அந்த அம்மாவின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பினார்கள். விசாரணை நடந்து ஒன்றுமில்லை என்று முடிந்தது. வருஷக்கணக்காக அரித்துத் தின்ற நோய் ஒன்று அவருக்குள் இருந்தது என்பதை நம்புவதைவிட, கூட இருந்து ஊசி போட்டவரைச் சந்தேகிப்பது நமக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டுக்குள் வலித்த கால்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நம் முழுநேர ஊழியர்களைப் பாருங்கள். டீ, பீடி, ராத்திரிப் பஸ், கிடைத்த நேரத்தில் புரோட்டா. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முந்தியே வருகிறது என்று பல நாடுகளில் சேர்ந்து நடத்திய ஆய்வு 2007இல் சொன்னது. நம் இரங்கல் கூட்டங்களின் வயதுக் கணக்கும் அதையே சொல்கிறது.

அறுவை முடிந்த பிறகுதான் இரண்டாவது பொய்: “ரெஸ்ட் எடு.”

அறுவை நன்றாகவே நடந்தது. அரசு மருத்துவமனை மருத்துவர்களின் கைத்திறமையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, காசும் கேட்கவில்லை. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனதே, அது வருவதற்கு முந்தைய காலத்தில் இது நடந்திருந்தால் வீட்டை விற்றிருப்போம். விற்பதற்கு வீடு இருந்தால். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சின்னம்மாவுக்கு பி.பி. மாத்திரை வீடு தேடியே வந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையில்லை.

ஆனால் காப்பீடு அறுவைக்குப் பணம் தரும், கூலி தராது. டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தது: மூன்று மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, இரண்டு கையையும் ஊன்றி எழக்கூடாது, இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள், தினமும் நட, கால் காயத்தை ஈரமில்லாமல் வை. மேலாளருக்கும் இதே தாள்தான். அவருக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு மெடிக்கல் லீவு. பத்து வாரம் கழித்து வந்து ஏ.சி. அறையில் உட்கார்ந்தார், கனமான பேரேட்டைக்கூட நாங்கள் தூக்கிக் கொடுத்தோம். சந்தோஷம்தான். அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லை, சங்கம் போராடி வாங்கிய உரிமை அது. எல்லாருக்கும் அப்படி இருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

சித்தப்பாவுக்கு லீவு என்ற ஒன்றே கிடையாது. வேலைக்கு வராத நாள் கூலியில்லாத நாள். ஆறாவது வாரம் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, “வர்றியா, வேற ஆளப் போட்டுக்கட்டுமா?” என்றான். போனார். கூட வேலை செய்கிறவர்கள் தொட்டியைத் தூக்கவிடவில்லை, அந்த மட்டும் நெஞ்சுக்கம்பி தப்பித்தது. ஆனால் கால்? நரம்பு எடுத்த காலோடு சாக்கடைத் தண்ணீரில் நின்றால் என்ன ஆகும்? பூட்ஸ் கொடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது. காலில் இல்லை. பத்தாம் நாள் காயம் விட்டுப்போய்ச் சீழ். காய்ச்சலில் சர்க்கரை மறுபடியும் 300. பதினெட்டு நாள் வார்டில் கிடந்தார். இந்தத் தடவையும் சீட்டில் எழுதியிருந்தார்கள், ‘காயத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை’ என்று.

கிளீவ்லாந்து மருத்துவமனையில் 1967இல் கால் நரம்பை எடுத்து இந்த அறுவையை நிலைநிறுத்திய ரெனே ஃபவலோரோ அர்ஜென்டினாக்காரர். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஹசிந்தோ அராவுஸ் என்ற பட்டிக்காட்டில் சாதாரண வைத்தியராக இருந்தவர். ஊர் ஆட்களையே வைத்து ரத்ததானப் பட்டியல் போட்டு, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுத்தம் சுகாதாரம் என்று வீடுவீடாகப் பேசியவர். புகழ் வந்த பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பி ஒரு மருத்துவ நிறுவனம் தொடங்கினார். அது கடனில் மூழ்கி, அரசாங்கமும் கைகொடுக்காமல் போக, 2000 ஜூலையில் நெஞ்சில் சுட்டுக்கொண்டு செத்தார். அறுவை மேஜையும் பட்டிக்காடும் ஒரே ஆளின் வாழ்க்கையில் இருந்தன. நம் ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டும் ஓ.பி. சீட்டும் மட்டும்தான் இருக்கின்றன.

நாம் என்ன கேட்கிறோம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பைபாஸ் தேவை என்று எழுதிக் கொடுத்த அன்றிலிருந்து சிகிச்சை தொடங்கிவிட்டதாகக் கணக்கு வைக்க வேண்டும். சர்க்கரைக்காகத் தள்ளிப்போட்டால், எதற்காக, எந்தத் தேதி வரை, அதற்குள் யார் என்ன செய்வார்கள் என்று தாளில் எழுதித் தரவேண்டும். அந்த நாட்களுக்கும், அறுவைக்குப் பிந்தைய மூன்று மாதத்துக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலி வேண்டும். அறுவைக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற அரசுக்கு இது பெரிய தொகை இல்லை, சீழ் பிடித்துத் திரும்பி வந்து படுக்கிற பதினெட்டு நாள் வார்டுச் செலவோடு கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். வீட்டில் குத்திப் பார்க்கிற மெஷினும் ஸ்ட்ரிப்பும் அந்த மாதங்களுக்காவது இலவசமாகத் தரவேண்டும். நெஞ்சு அறுத்தவரை எந்த நாளிலிருந்து எந்த வேலைக்கு அனுப்பலாம் என்பதை மேஸ்திரி முடிவு செய்யக்கூடாது, டாக்டர் எழுதித் தரவேண்டும், ஒப்பந்தக்காரர் கட்டுப்பட வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் மாநாடுகளில் நிரந்தரப் பணி, கையுறை, பூட்ஸ் என்று தீர்மானம் போடுகிறோம். அந்தப் பட்டியலில் காலைச் சாப்பாட்டு இடைவேளை இல்லை. எட்டு மணிக்குப் பதினைந்து நிமிஷம். சர்க்கரைக்காரர்களுக்கு அதுதான் முதல் மருந்து.

மருத்துவக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் இதை வாசிக்கிறார்கள் என்று தெரியும். நர்சிங் படிக்கிறவர்களும். உங்களுக்கு ஒரு வேலை. நான் மேலே சொன்ன சாப்பாட்டுத் தாளை நீங்கள் எழுதுங்கள். பைபாஸுக்கு முந்தைய மூன்று மாதத்துக்கு ஒன்று, பிந்தைய மூன்று மாதத்துக்கு ஒன்று. ரேஷன் அரிசி, துவரம்பருப்பு, கேழ்வரகு, கருவாடு, முட்டை, மாட்டுக்கறி, முருங்கைக்கீரை, இவை மட்டும் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது, இரண்டு டீ குடிக்காமல் இருக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராம் கணக்கு வேண்டாம். எத்தனை கரண்டி, எத்தனை உருண்டை, எந்த அளவுத் தட்டு என்று எழுதுங்கள். படித்துக் காட்டினால் சின்னம்மாவுக்குப் புரியவேண்டும். அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள் அனுப்பிவிட்டால் நடுப்பக்கத்தில் போட்டுக் கிழித்துச் சுவரில் ஒட்டுகிற மாதிரிச் செய்துவிடலாம்.